டாலர் ஏறுமா இறங்குமான்னு சொல்றதா இந்த வேலை? எஃப்எக்ஸ் டெரிவேட்டிவ்ஸ் குவாண்ட் ஆகறது பத்தி

போச்சம்பள்ளி பையன் | வெள்ளி, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். தர்மபுரியில எம்.எஸ்சி. கணிதம் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். நிகழ்தகவும் வகைக்கெழுச் சமன்பாடும் ரொம்பப் பிடிக்கும். எங்க சீனியர் ஒருத்தர், பெங்களூருல எஃப்எக்ஸ் டெரிவேட்டிவ்ஸ் குவாண்ட்னு, அதாவது அந்நியச் செலாவணியை வெச்சுப் போடற ஒப்பந்தங்களுக்குக் கணக்குப் போட்டு விலை சொல்றவர்னு, ஒரு வேலை இருக்குது, கணக்கு படிச்சவங்களுக்கு ஏத்ததுன்னு சொன்னார். வீட்ல சொன்னேன். அப்பா, "டாலர் ஏறுமா இறங்குமான்னு முன்னாடியே சொல்லணுமா?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் தெரியலை. பி.எட். சேரச் சொல்றாங்க. முடிவு பண்ண மூணு மாசம்தான் இருக்குது. இந்த வேலையில இருக்கறவங்க யாராவது தினமும் என்ன செய்றீங்கன்னு சொல்ல முடியுமா?

மத்தூர்க்காரி | வெள்ளி, இரவு 10.25

தம்பி, நான் மத்தூர். பெங்களூருல ஒரு வெளிநாட்டு வங்கியோட அலுவலகத்துல பதினோரு வருஷமா இந்த வேலைதான் பார்க்கறேன்.

அப்பாகிட்ட முதல்ல இதைச் சொல்லு: டாலர் எங்க போகும்னு எங்களுக்குத் தெரியாது. தெரியாதுங்கறதை ஒத்துக்கிட்டு, அப்படியும் நியாயமான விலை ஒண்ணு சொல்ல முடியுமான்னு பார்க்கறதுதான் வேலை. எளிமையானது ஃபார்வர்டு, பின்னாடி ஒரு நாள் மாத்திக்கற பணத்துக்கு இன்னிக்கே ரேட் பேசி முடிக்கற ஒப்பந்தம். இன்னிக்கு டாலர் 85 ரூபாய், ரூபாய்க்கு வருஷ வட்டி 6.5 சதவீதம், டாலருக்கு 4.5 சதவீதம்னு வெச்சுக்கோ. ஒரு வருஷம் கழிச்சு டாலர் தர்றேன், இப்பவே ரேட் பேசிக்கலாம்னு ஒருத்தர் வந்தா என்ன சொல்லுவ? 85ஐ 1.065ஆல பெருக்கி 1.045ஆல வகுத்தா 86.63 வரும். இதுல ஆரூடம் எதுவும் இல்லை. டாலரைக் கடன் வாங்கி, ரூபாயா மாத்தி, வட்டிக்குப் போட்டு வெச்சா வர்ற கணக்கு அது. வேற ரேட் சொன்னா, சொன்னவங்ககிட்ட இருந்து யாராவது சும்மா காசு எடுத்துட்டுப் போயிடுவாங்க. ரூபாய் விழும்னு எல்லாரும் நினைக்கறதாலதான் ஃபார்வர்டு ரேட் கூட இருக்குதுன்னு நிறைய பேர் நம்பறாங்க. வட்டி வித்தியாசம்தான் காரணம்.

அடுத்தது ஆப்ஷன். பேசி வெச்ச ரேட்ல (அதுதான் ஸ்ட்ரைக்) வாங்கவோ விக்கவோ உரிமை உண்டு, கட்டாயம் இல்லை. வாங்கற உரிமை கால், விக்கற உரிமை புட், அதுக்குக் கட்டற விலை பிரீமியம். 1973ல பிளாக்கும் ஷோல்ஸும் பங்குக்குப் போட்ட சூத்திரத்தை, 1983ல கார்மனும் கோல்ஹேகனும் அந்நியச் செலாவணிக்குக் கொண்டுவந்தாங்க. ரெண்டு நாட்டு வட்டியும் அதுக்குள்ள வரும். சூத்திரம் ஒரு பக்கத்துல முடிஞ்சுடும், ஒரு வாரத்துல படிச்சுடலாம். மிச்ச வேலை அந்தச் சூத்திரம் எங்கெங்க பொருந்தாதுன்னு கண்டுபிடிக்கறதுல போகும்.

உனக்குப் பிடிக்குமான்னு பார்க்க ஒரு கணக்கு தர்றேன். இன்னிக்கு ஒரு யூரோ ஒரு டாலர். அடுத்த வருஷம் சரிபாதி வாய்ப்புல 1.25 டாலர் ஆகும், இல்லைன்னா 0.80 ஆகும். யூரோ வெச்சிருக்கறவருக்குச் சராசரி 1.025, அதாவது ரெண்டரை சதவீதம் லாபம். இப்போ டாலர் வெச்சிருக்கறவர் பக்கம் போய் அதையே போட்டுப் பாரு. ராத்திரி தூக்கம் வரலைன்னா இந்த வேலை உனக்கு ஒத்துவரும்.

போச்சம்பள்ளி பையன் | சனி, காலை 6.40

அக்கா, அந்தப் பக்கமும் 0.80, 1.25தான் வருது. சராசரி அதே 1.025. ரெண்டு பேருக்கும் எப்படி ரெண்டரை சதவீதம் லாபம் வரும்? தலைகீழோட சராசரியும் சராசரியோட தலைகீழும் ஒண்ணு இல்லைன்னு தெரியும். ஆனா பணத்துல அப்படி நடக்கும்னு நினைக்கலை.

மத்தூர்க்காரி | சனி, காலை 8.15

ஆமாம், நீ சொன்னதுதான் காரணம். அவரவர் எந்தப் பணத்துல கணக்கு எழுதறாங்கங்கறதைப் பொறுத்து சராசரி மாறும். சீகல் முரண்னு இதைச் சொல்லுவாங்க, 1972ல எழுதப்பட்டது. எங்க துறைக்கே உரிய குணம் இது. பங்குல ஒரு பக்கம் பணம், ஒரு பக்கம் பொருள். இங்க ரெண்டு பக்கமும் பணம். டாலரை விக்கற உரிமை ஒண்ணை எழுதினா, அதுவே ரூபாயை வாங்கற உரிமை. ஒரே காகிதம் ஒருத்தருக்குப் புட், இன்னொருத்தருக்குக் கால்.

தினசரி வேலைன்னு கேட்ட. காலையில வந்ததும், நேத்து சந்தை இவ்வளவு நகர்ந்தது, நம்ம வங்கி வெச்சிருக்கற ஒப்பந்தங்களோட புத்தகத்துல லாபநஷ்டம் இவ்வளவு மாறியிருக்குது, நகர்வை வெச்சு இதை முழுசா விளக்க முடியுதான்னு பார்ப்போம். விளக்க முடியாத மிச்சம் பெருசா இருந்தா அன்னிக்குப் பொழுது அதுலயே போகும். பெரும்பாலும் காரணம் சின்னதா இருக்கும்.

எங்க சந்தையில ஆப்ஷன் விலையை ரூபாயிலயோ டாலர்லயோ பேச மாட்டாங்க, வாலட்டிலிட்டியில, அதாவது ரேட் வருஷத்துக்கு எத்தனை சதவீதம் அலையும்ங்கற எண்ணுல, பேசுவாங்க. ஸ்ட்ரைக்கையும் நேரா சொல்ல மாட்டாங்க, 25 டெல்டான்னு சொல்லுவாங்க. டெல்டான்னா, ரேட் நகர்ந்தா ஆப்ஷன் விலை அதுல எத்தனை சதவீதம் நகரும்ங்கறது. நடு ஸ்ட்ரைக்குக்கு ஒரு எண், மேல்பக்கத்துக்கும் கீழ்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ரிஸ்க் ரிவர்சல்னு ஒரு எண், ரெண்டு ஓரமும் நடுவைவிட எவ்வளவு உயரம்ங்கறதுக்கு பட்டர்ஃபிளைன்னு ஒரு எண். ஒவ்வொரு தவணைக்கும் இந்த மூணு எண், பெரிய ஜோடிகளுக்கு 10 டெல்டாவுலயும் இன்னும் ரெண்டு. இதை வெச்சு எல்லா ஸ்ட்ரைக்குக்கும் எல்லா தவணைக்கும் வாலட்டிலிட்டி காட்டற முழுப் பரப்பையும் நாங்க வரையணும். இதுல டெல்டான்னா எந்த டெல்டா? ஸ்பாட் (இன்னிக்கு ரேட்) டெல்டாவா, ஃபார்வர்டு டெல்டாவா? பிரீமியத்தை எந்தப் பணத்துல கட்டறாங்க? டாலர்-யென்ல பிரீமியம் டாலர்ல போகும், அதனால டெல்டாவுல பிரீமியத்தைக் கழிக்கணும். யூரோ-டாலர்லயும் பிரீமியம் டாலர்தான், ஆனா அங்க கழிக்கக் கூடாது. சேர்ந்த புதுசுல நான் இதைத் தப்பா எழுதி, ரெண்டு வாரம் ஸ்ட்ரைக் எல்லாம் லேசா தள்ளியே வந்துட்டு இருந்துச்சு. யாரும் திட்டலை. ஆனா கண்டுபிடிச்ச அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கலை.

நேரமும் அப்படித்தான். நியூயார்க்ல காலை 10 மணிக்கு முடியற ஆப்ஷனும் டோக்கியோவுல மாலை 3 மணிக்கு முடியற ஆப்ஷனும் ஒரே தேதியா இருந்தாலும் ஒரே விலை ஆகாது. வாலட்டிலிட்டிக் கணக்குல சனி ஞாயிறுக்கு எடை ரொம்பக் குறைவு. அமெரிக்காவுல வேலைவாய்ப்புக் கணக்கு வர்ற வெள்ளிக்கிழமைக்கு எடை ஜாஸ்தி. நம்ம ஊர்ல சந்தை நாளும் மத்த நாளும் ஒண்ணா? அதே மாதிரி.

கெலமங்கலம் ரோஜா | சனி, மதியம் 1.05

அம்மா, எங்களது பசுமைக்குடில் ரோஜா. காதலர் தினத்துக்கு முன்னாடி ஐரோப்பாவுக்குப் போகும், யூரோவுல பில் போடறோம். பேங்க்ல ஃபார்வர்டு கேட்டா டாலரை வெச்சுக் கணக்கு சொல்றாங்க. நான் கேட்டது யூரோ, டாலர் எதுக்கு நடுவுல வருது?

மத்தூர்க்காரி | சனி, மதியம் 3.30

ரூபாய்க்கு நேரடியா ஆழமான சந்தை இருக்கறது டாலரோடதாங்க. யூரோ-ரூபாய் ரேட்டை யூரோ-டாலர், டாலர்-ரூபாய் ரெண்டையும் பெருக்கித்தான் எடுக்கறாங்க. ஃபார்வர்டுக்கு அது வெறும் பெருக்கல், ஏமாற ஒண்ணும் இல்லை. ரெண்டு இடத்துலயும் சேர்த்து எவ்வளவு மார்ஜின் வைக்கறாங்கன்னு மட்டும் கேளுங்க.

ஆப்ஷன்னா வேற கதை. தம்பி, இது உனக்கு. யூரோ-டாலர் வாலட்டிலிட்டி 8, டாலர்-ரூபாய் 4, யூரோ-ரூபாய் 8னு சந்தை சொல்லுதுன்னு வெச்சுக்கோ. ஒவ்வொண்ணையும் வர்க்கம் பண்ணினா 64 ஈக்வல் டு 64 பிளஸ் 16 பிளஸ் 64 ரோ. கடைசி 64, ரெண்டு பெருக்கல் 8 பெருக்கல் 4; ரோங்கறது முதல் ரெண்டு ரேட்டும் எவ்வளவு சேர்ந்து நகருதுங்கற எண். ரோ மைனஸ் 0.25 வருது. அதாவது யூரோ ஏறும்போது டாலர்-ரூபாய் கொஞ்சம் இறங்கும்னு சந்தை சொல்லுது. மூணு விலையைப் பார்த்தே அந்த உறவை எடுத்துடலாம். பங்குச் சந்தையில இப்படி முக்கோணம் கிடைக்காது. இந்த வேலையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

ஊத்தங்கரை, இப்போ சிங்கப்பூர் | சனி, இரவு 7.50

தம்பிக்கு ரெண்டு விஷயம் சொல்லணும். நானும் இதே துறைதான்.

ஒண்ணு, ரூபாய் முழுசா வெளிநாட்டுல புழங்கற பணம் இல்லை. அதனால இங்க சிங்கப்பூர்ல நடக்கறது என்டிஎஃப்ங்கற ஒரு வகை ஃபார்வர்டு. கடைசி நாள்ல ரூபாயே கை மாறாது. எஃப்பிஐஎல்ங்கற இந்திய அமைப்பு அறிவிக்கிற ரெஃபரன்ஸ் ரேட்டை வெச்சு வித்தியாசத்தை டாலர்ல கொடுத்து முடிச்சுக்குவாங்க. ரொம்ப நாள் இந்திய வங்கிகளுக்கு இதுல இடமில்லை. 2020 ஜூன் 1 முதல், குஜராத்ல இருக்கற கிஃப்ட் சிட்டி நிதி மையத்துல கிளை வெச்சிருக்கற இந்திய வங்கிகளும் இறங்கலாம்னு ரிசர்வ் வங்கி அனுமதிச்சது. உள்ளூர் ஃபார்வர்டும் வெளியூர் ஃபார்வர்டும் வேற வேற ரேட்ல நிக்கற நாட்கள் உண்டு. பாடப் புத்தகத்துல ஒரே ஃபார்வர்டுதான் இருக்கும்.

ரெண்டாவது, 2015 ஜனவரி 15. யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழ போக விட மாட்டோம்னு சுவிஸ் மத்திய வங்கி 2011 செப்டம்பர்ல சொல்லியிருந்தது. மூணு வருஷத்துக்கு மேல காப்பாத்தியும் வந்தது. அந்த வியாழக்கிழமை சிங்கப்பூர் நேரம் மாலை 5.30க்கு, இனிமே இல்லைன்னு அறிவிச்சாங்க. நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம். திரையில யூரோ-ஃபிராங்க் 1.20ல இருந்து சில நிமிஷத்துல ஒண்ணுக்குக் கீழ போனதை நின்னுக்கிட்டே பார்த்தேன். நடுவுல விலையே இல்லை. எங்க மாடல் விலை தொடர்ச்சியா நகரும்னு எடுத்துக்கும், 1.15ல ஹெட்ஜை (நஷ்டத்துக்குக் காப்பா எடுத்த எதிர் வர்த்தகத்தை) மாத்தலாம், 1.10ல மாத்தலாம்னு கணக்குப் போடும். அந்த 1.15 வரவே இல்லை.

மத்திய வங்கி பிடிச்சு வெக்கறது நம்ம ரூபாய்லயும் உண்டு. 2023 முழுக்க டாலர் ஏறக்குறைய 81க்கும் 83.5க்கும் நடுவுலயே நின்னுச்சு. அந்த ஒரு வருஷத் தரவை மட்டும் கொடுத்தா எந்த மாடலும் ரூபாய் அசையாதுன்னு சொல்லும். ரிசர்வ் வங்கி பிடிச்சு வெச்சிருந்ததால வந்த அமைதி அது. 2025 டிசம்பர்ல டாலர் 90ஐத் தாண்டிடுச்சு. தரவைப் பார்த்தா மட்டும் போதாது தம்பி, அதுக்குப் பின்னாடி யார் கை இருக்குதுன்னும் தெரியணும்.

பர்கூர் பல்ப் | சனி, இரவு 10.40

இதுவரைக்கும் படிச்சுக்கிட்டுதான் இருந்தேன். இப்போ ஒண்ணு சொல்லணும், கோபமா இருந்தா மன்னிக்கணும்.

எங்க அப்பா மாங்கூழ் ஃபேக்டரி நடத்தினார். பெங்களூரா மாம்பழம், ட்ரம்முல அடைச்சு வளைகுடாவுக்கு அனுப்புவோம். 2007ல டாலர் 44ல இருந்து 39க்கு இறங்கிட்டே வந்துச்சு. எங்களுக்கு ஒரு ரூபாய் இறங்கினாலே அந்த சீசன் லாபம் போயிடும். அப்போ ஒரு பேங்க்ல இருந்து டை கட்டின ரெண்டு பேர் வந்தாங்க. "ஜீரோ காஸ்ட், ஒரு பைசா பிரீமியம் இல்லை, ஃபார்வர்டைவிட நல்ல ரேட்"னு சொல்லிக் கையெழுத்து வாங்கினாங்க. டாலர் இறங்கினா மாசம் 1 லட்சம் டாலர் எங்க ரேட்ல விக்கலாம். ஏறினா 2 லட்சம் டாலர் அதே ரேட்ல நாங்க கொடுக்கணும். எங்களுக்கு வர்றதே மாசம் 1 லட்சம்தான்.

2008 கடைசியில டாலர் 50. மிச்ச 1 லட்சத்தை 50க்கு வாங்கி நாற்பத்தொண்ணு சொச்சத்துக்குக் கொடுத்தோம். மாசம் எட்டு ஒம்பது லட்சம் போச்சு. காவேரிப்பட்டணம் ரோட்ல இருந்த நிலத்தை வித்தோம். அப்பா அதுக்கப்புறம் மண்டிப் பக்கமே போகலை.

அந்தக் காகிதத்துக்கு எவனோ ஒருத்தன் விலை போட்டிருப்பான் இல்லையா தங்கச்சி? அவன் உங்க மாதிரி கணக்கு படிச்சவன்தானே?

பாலக்கோடு ஓய்வூதியர் | ஞாயிறு, காலை 7.00

நான் வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தவன். அந்தக் காலத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்களை நானே எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம் அழைத்துப் போயிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காகிதம் எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது. திருப்பூர், கோவை, கரூர் என்று எத்தனையோ ஏற்றுமதியாளர்கள் மாட்டினார்கள், நீதிமன்றம் வரை போனார்கள். இவை சூதாட்ட ஒப்பந்தங்கள், செல்லாது என்ற வாதத்தை 2008 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் ஏற்கவில்லை.

மத்தூர்க்காரி | ஞாயிறு, காலை 11.20

அண்ணா, ராத்திரியே படிச்சேன். உடனே பதில் எழுத முடியலை.

ஆமாம். எங்களை மாதிரி ஒருத்தர்தான் விலை போட்டிருப்பார். அது வங்கியோட சிஸ்டத்துல ஒரு எண்ணா உட்கார்ந்திருக்கும். அந்த எண் உங்க அப்பா முன்னாடி இருந்த காகிதத்துல இல்லை. ஜீரோ காஸ்ட்னா கையில இருந்து அன்னிக்குக் காசு போகலைன்னு மட்டும்தான் அர்த்தம். வாங்கினதும் வித்ததும் ஒரே மதிப்புன்னு அர்த்தம் இல்லை. அந்த வித்தியாசத்தை அவர்கிட்ட யாரும் சொல்லலை. விலை போட்டவர் தப்பா கணக்குப் போட்டிருக்க மாட்டார். சரியா போட்ட கணக்கு போய்ச் சேர வேண்டியவர்கிட்ட போய்ச் சேரலை. அதுக்கு நாங்களும் பொறுப்புன்னு நான் நினைக்கறேன். "நான் எண் கொடுத்தேன், வித்தது அவங்க"ன்னு சொல்ற ஆட்கள் எங்க துறையில இருக்காங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

இப்போ விதி மாறியிருக்குது. 2020 செப்டம்பர் முதல் இந்த ஒப்பந்தங்களோட பயனர்களைச் சில்லறை, சில்லறை அல்லாதவர்னு ரிசர்வ் வங்கி பிரிச்சிருக்குது. சில்லறைப் பயனர்களுக்கு ஃபார்வர்டு, வாங்கற ஆப்ஷன் மாதிரி எளிய வகைகளைத்தான் தர முடியும். 2019 ஆகஸ்ட்ல இருந்து சிசிஐஎல்ங்கற தீர்வு நிறுவனம் நடத்தற எஃப்எக்ஸ்-ரீடெயில்ங்கற இணையத் தளம் இருக்குது. சின்ன ஏற்றுமதியாளரும் டாலர் ரேட்டைத் திரையில பார்த்து விக்கலாம், வங்கி தன் கட்டணத்தைத் தனியா சொல்லணும்.

மாங்கூழ்க்கு ஃபார்வர்டே முழுசா பொருந்தாதுண்ணா. காய்ப்பு எவ்வளவுன்னு ஏப்ரல்ல யாருக்குத் தெரியும்? ஆலங்கட்டி மழை பெஞ்சு பூ, பிஞ்சு கொட்டினா ஆர்டர் பாதிதான் போகும், ஆனா புக் பண்ணின டாலரைக் கொடுத்தே ஆகணும், இல்லைன்னா அன்னிக்கு ரேட்ல கேன்சல் பண்ணணும். நிச்சயமா வரும்னு தெரிஞ்ச பங்குக்கு ஃபார்வர்டு, வருமா வராதாங்கற பங்குக்குக் காசு கொடுத்து வாங்கின புட். பிரீமியம் கட்டறது வலிக்கும்தான். ஆனா உங்க நஷ்டம் அதோட நின்னுடும்.

தம்பி, உனக்கு ஒரு பயிற்சி. எடுத்துக்காட்டுக்கு ஸ்பாட் 40, ரூபாய் வட்டி 7, டாலர் வட்டி 4, வாலட்டிலிட்டி 7, ஒரு வருஷம். வாடிக்கையாளர் ஒரு புட் வாங்கறார், ரெண்டு கால் விக்கறார், எல்லாம் 41.50 ஸ்ட்ரைக். மதிப்பு என்ன?

போச்சம்பள்ளி பையன் | ஞாயிறு, மாலை 5.15

பைத்தான்ல போட்டேன் அக்கா. ஃபார்வர்டு 41.15 வருது. ரிஸ்க் ரிவர்சல் பத்திச் சொன்னீங்களே, அதனால காலுக்கு 7.5, புட்டுக்கு 6.5னு வாலட்டிலிட்டி எடுத்தேன். சரியா?

மத்தூர்க்காரி | ஞாயிறு, மாலை 5.40

அங்கதான் தப்பு. ஸ்ட்ரைக் ஒண்ணா இருந்தா கால், புட் ரெண்டுக்கும் ஒரே வாலட்டிலிட்டிதான். கால் வாங்கிப் புட் வித்தா அது ஃபார்வர்டு, ஃபார்வர்டுக்கு வாலட்டிலிட்டியே கிடையாது. வேற வேற எண் போட்டா அந்தச் சமன் உடைஞ்சுடும். ரிஸ்க் ரிவர்சல் வேற வேற ஸ்ட்ரைக்குக்கு நடுவுல உள்ள வித்தியாசம். 7லயே போடு. அப்புறம் எந்த ஸ்ட்ரைக்ல மொத்தம் பூஜ்யம் ஆகுதுன்னும் தேடு.

போச்சம்பள்ளி பையன் | ஞாயிறு, இரவு 8.05

போட்டேன் அக்கா. 41.50ல வாடிக்கையாளருக்கு டாலருக்கு மைனஸ் 60 காசு. அதாவது 1 லட்சம் டாலருக்குக் கையெழுத்துப் போடும்போதே 60,000 ரூபாய் போயிடுச்சு. உண்மையிலயே பூஜ்யம் ஆகணும்னா ஸ்ட்ரைக் 41.95 பக்கம் இருக்கணும். அவங்க ஃபார்வர்டு 41.15ஐவிட 35 காசு கூடன்னு காட்டியிருப்பாங்க. நியாயப்படி 80 காசு கூட கொடுத்திருக்கணும். 50க்குப் போனா கூடுதல் 1 லட்சம் டாலருக்கு மட்டும் 8.5 லட்சம்.

பி.எட். ஃபார்ம் மேசை மேல இருக்குது. இதைப் போட்டு முடிச்சதும் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பல்ப் அண்ணா எழுதினதையும் படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசலை, அப்புறம் "இதுக்குப் படிக்கணும்னா எங்க போகணும்?"னு கேட்டார்.

ஊத்தங்கரை, இப்போ சிங்கப்பூர் | ஞாயிறு, இரவு 8.30

சி பிளஸ் பிளஸ் இன்னிக்கே ஆரம்பி. எம்.எஸ்சி.க்கு அப்புறம் பிஎச்.டி. எண்ணம் இருந்தா சென்னையிலயே நல்ல இடங்கள் இருக்குது. நேரா வேலைன்னா மாடல் வேலிடேஷன் குழுக்கள்ல முதல்ல நுழையறது சுலபம். இன்னொருத்தர் போட்ட மாடல் எங்க உடையும்னு தேடற வேலை அது. இப்போ நீ செஞ்சதும் கிட்டத்தட்ட அதுதான்.

பர்கூர் பல்ப் | ஞாயிறு, இரவு 9.50

60,000ன்னு ஒரு எண் இருந்திருக்குது. பதினெட்டு வருஷம் கழிச்சு எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் சாயந்தரத்துல கண்டுபிடிச்சுட்டான். அந்த எண்ணை அன்னிக்கு அப்பாகிட்ட யாராவது சொல்லியிருந்தா அவர் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். ஒரு மாம்பழ லோடுக்கே பத்து மண்டியில விலை கேட்கற மனுஷன்.

அந்த ஃபைல் இன்னும் பீரோவுல இருக்குது தங்கச்சி. இதுவரைக்கும் திறக்கலை. எடுத்தா பார்ப்பீங்களா?

மத்தூர்க்காரி | ஞாயிறு, இரவு 10.10

பார்க்கறேன்ண்ணா. பேர், கணக்கு எண் எல்லாம் மறைச்சுட்டு அனுப்புங்க. கையெழுத்துப் போட்ட தேதி, மாசாமாசம் முடியற தேதிகள், ஸ்ட்ரைக், ரெண்டு பக்கத் தொகை இதெல்லாம் தெரியற பக்கம் போதும். கீழ சின்ன எழுத்துல நாக்-அவுட்னோ (ரேட் ஒரு எல்லையைத் தொட்டா ஒப்பந்தம் ரத்து), டார்கெட்னோ (லாபம் ஒரு அளவு சேர்ந்தா ஒப்பந்தம் முடிஞ்சுடும்) ஏதாவது இருந்தா அதையும் சேர்த்து எடுங்க, அது இருந்தா விலையே மாறிடும். அடுத்த சனிக்கிழமை நான் மத்தூர் வர்றேன். தம்பி, நீயும் லேப்டாப் எடுத்துட்டு பர்கூர் வந்துடு. முதல் கணக்கை நீயே போடு, நான் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கறேன்.